பிரட் போட்டு மீன் புடிக்கறது: சேலம் பக்கம் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

கன்னங்குறிச்சி, பனமரத்துப்பட்டி, வாழப்பாடின்னு எந்த ஏரிக்கரையில தூண்டிலோட உக்காந்தாலும் பத்து நிமிஷத்துல யாராவது பக்கத்துல வந்து "என்னங்க இரை"ன்னு கேக்கறாங்க, பிரட்னு சொன்னா நம்பாம டப்பாவை எட்டிப் பாக்கறாங்க. அக்கா பையனும் அவன் கூட்டாளிங்களும் போன்லயே கேக்கறாங்க. அதே கேள்விக்கு அதே பதிலை எத்தன தடவ சொல்றது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன். எனக்கு பிரட் ரொம்ப புடிச்ச இரை, சுத்தமானது, சின்னப் பசங்க கூட கூச்சப்படாம தொடுவாங்க, அதை தப்பா மாட்டிட்டு "பிரட்டெல்லாம் வேஸ்ட்டு"ன்னு எந்திரிச்சு போறவங்களப் பாத்தா எனக்கு தாங்கறதில்ல.

பிரட்டுக்கு நெசமாவே மீன் கடிக்குமா? மண்புழு தானே போடணும்?

கடிக்கும். ஜிலேபி மீன் நல்லா கடிக்கும், ரோகு, மிர்கால், சாதா கெண்டை, புல்கெண்டை எல்லாம் எடுக்கும், கரையோரம் திரியற கெண்டைப்பொடி வேணாம்னாலும் வந்து கொத்தும். கெண்டை வகைக்கு தாடையில பல்லே கிடையாது, பல்லு தொண்டைக்குள்ள இருக்கு, அதனால அது இரையை கவ்வறதில்ல, தண்ணியோட சேத்து உறிஞ்சும். மெத்துன்னு, வெயிட்டே இல்லாம இருக்கற பிரட் அப்படியே வாய்க்குள்ள போயிடும்.

மண்புழு மோசம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா சித்திரை வெயில்ல சேலத்து மண்ணுல ஒரு முழம் தோண்டினாலும் புழு கெடைக்காது, பிரட்டு எந்த பொட்டிக்கடையிலயும் கெடைக்கும். புழு போட்டா கெளுத்தி, ஆரா, நண்டுன்னு எது வேணா வரும், பிரட் போட்டா பெரும்பாலும் ஜிலேபியும் கெண்டையும் தான், அதுவே எனக்கு சௌகரியம்.

எந்த பிரட் வாங்கறது? ஸ்வீட்டா, சால்ட்டா, பன்னு போடலாமா?

வெள்ளை மைதா பிரட்டு, அன்னைக்கு போட்டது. ஸ்வீட்டா சால்ட்டான்னு நான் பெருசா வித்தியாசம் பாத்ததில்ல, ஈரப்பதம் இருக்கான்னு தான் பாப்பேன். விரலால அமுக்கினா உள்ள போயி திரும்ப எழும்பி வரணும், அந்த இழுவை தான் முள்ளுல புடிச்சு நிக்க வைக்கும். கோதுமை பிரட்டுல தவிடு இருக்கறதால அந்த இழுவை கம்மி, சீக்கிரம் உதிரும். பன்னு பரவால்ல, ரொம்ப மிருதுவா இருந்தா மட்டும் நிக்காது.

மிச்சத்தை ஃபிரிட்ஜ்ல வெக்காதீங்க, வெளிய இருக்கறதை விட ஃபிரிட்ஜ்ல தான் பிரட்டு சீக்கிரம் வெறச்சு போகும். கரைக்கு போறப்ப டிபன் டப்பால வெச்சு மூடி, தேவைக்கு ஒரு ஸ்லைஸ் மட்டும் எடுங்க, தொறந்து வெச்சா காத்துல பதினஞ்சு நிமிஷத்துல அப்பளம் மாதிரி ஆயிடும். பூஞ்சை புடிச்சது வேண்டவே வேணாம், நாம சாப்பிட மாட்டோம்னு மீனுக்கு போடறது எனக்கு ஒப்பல.

முள்ளுல மாட்டி வீசினா தண்ணில விழறதுக்குள்ள பிரட்டு தனியா பறந்துடுதுங்க, என்ன பண்றது?

நூத்துக்கு தொண்ணூறு பேர் பிரட்டை விடறது இங்க தான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஓரத்தை விட்டுட்டு நடுவுல இருக்கற வெள்ளை பாகத்துல இருந்து ஒரு புளியங்கொட்டை அளவு பிச்சு எடுங்க, கத்தி வேண்டாம், விரலால பிச்சா தான் நார் நாரா வரும். அதை முள்ளோட தண்டுல வெச்சு ரெண்டா மடிச்சு, தண்டு இருக்கற எடத்துல மட்டும் கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் நல்லா அமுக்குங்க. கீழ வளைவு பக்கம் அமுக்காதீங்க, அது பஞ்சு மாதிரி விரிஞ்சே இருக்கட்டும், முள்ளு நுனி லேசா வெளிய தெரிஞ்சா போதும்.

அமுக்கின எடம் புடிச்சு நிக்கும், அமுக்காத எடம் தண்ணி குடிச்சு ஊதி மெதுவா எறங்கும், போற வழியில துளித்துளியா உதுந்து வாசனை விடும், மீன் அதை பின்னாடியே தொடர்ந்து வரும். மொத்தத்தையும் உருட்டி கல்லு மாதிரி ஆக்கினீங்கன்னா முள்ளே உள்ள மறைஞ்சிடும், மீன் வாயில வெச்சிட்டு துப்பிடும், நீங்க இழுக்கறப்ப முள்ளு எங்கயும் ஏறாது. அமுக்காமயே விட்டா நீங்க சொல்ற மாதிரி வானத்துல பறக்கும்.

வீசறதும் முக்கியம், கிரிக்கெட் பால் மாதிரி தலைக்கு மேல சுத்தி எறியாதீங்க, கம்பை முன்னாடி நீட்டி கீழ இருந்து ஊஞ்சல் மாதிரி ஆட்டி விடுங்க. ஒரு தடவ பக்கெட் தண்ணில போட்டு பாத்துக்கோங்க, ரெண்டு மூணு நிமிஷம் நின்னா சரியான அமுக்கல். அதுக்கு மேல தண்ணிக்குள்ள இருந்தா எப்படியும் கரைஞ்சிருக்கும், கடிக்கலன்னாலும் இழுத்து புதுசு மாத்துங்க. வெறும் முள்ளை போட்டுட்டு அரை மணி நேரம் தக்கையையே பாத்துட்டு இருக்கறவங்க நெறைய பேர்.

அதுக்கு மாவா பிசைஞ்சே போட்டுடலாமே?

தாராளமா. தூரமா வீசணும், இல்ல கெண்டைப்பொடி தொல்லை ஜாஸ்தின்னா மாவு தான் நிக்கும். ரெண்டு மூணு ஸ்லைஸ் ஓரம் எடுத்துட்டு தண்ணில நனைச்சு, பழைய வேட்டித் துணில வெச்சு நல்லா புழிஞ்சு, அஞ்சு நிமிஷம் சப்பாத்தி மாவு மாதிரி பிசையுங்க, கையில ஒட்டினா ஒரு ஸ்பூன் மைதா சேத்துக்கோங்க. கடலைப் புண்ணாக்கு தூள் கொஞ்சம் போட்டா ரோகுக்கும் மிர்காலுக்கும் நல்லா எடுபடும். சில பேரு நிக்கறதுக்காக பஞ்சு சேத்து பிசைவாங்க, நான் சேக்கறதில்ல, இரையை மட்டும் தின்னுட்டு போற மீன் வயித்துல பஞ்சு எதுக்கு.

நம்ம ஊருக்கே உள்ள ஒண்ணு திப்பி. மரவள்ளிக் கிழங்குல ஜவ்வரிசிக்கு மாவுப்பால் எடுத்தப்பறம் மிஞ்சற சக்கை, மாட்டுக்கு வாங்கி போடுவாங்களே, அதே தான். காஞ்ச திப்பியை பிரட்டு மாவோட கால் பங்கு கலந்தா தண்ணிக்குள்ள மெதுவா உதுரும், நல்ல வெள்ளையா தெரியும். ஈரத் திப்பி ஒரே நாள்ல புளிச்சு நாறும், அது வேணாம். ஏலக்காய், வெனிலா எசன்ஸ், பூண்டு, பெருங்காயம்னு ஆளுக்கு ஒரு ரகசியம் வெச்சிருக்காங்க, நானும் எல்லாம் போட்டு பாத்தேன், புது பிரட்டோட வாசனைக்கு மேல அதெல்லாம் பெருசா எதுவும் பண்ணல.

முள்ளு எத்தனாம் நம்பர்? நரம்பு எவ்ளோ கனம்?

முள்ளு நம்பர் தலைகீழா போகும், நம்பர் ஏற ஏற முள்ளு சின்னது. ஜிலேபிக்கு 10 இல்ல 12, அதோட வாய் சின்னது. ரோகு, சாதா கெண்டைக்கு 6, பெருசு இருக்கற எடம்னா 4. தங்கூஸ், அதான் நைலான் நரம்பு, ஜிலேபிக்கு 0.20 மில்லிமீட்டர், கெண்டைக்கு 0.30 போதும்.

தக்கை எவ்ளோ சின்னதோ அவ்ளோ நல்லது. சோளத்தட்டையை உரிச்சு உள்ள இருக்கற நெட்டியை விரல் நீளம் வெட்டி கட்டினாலே அருமையா இருக்கும், கடையில விக்கற பெரிய பிளாஸ்டிக் தக்கை பிரட்டுக்கு வேணாம், மீன் அதோட கனத்தை உணர்ந்ததுமே துப்பிடும். ஈயக்குண்டும் ஒரு மிளகு அளவு போதும், முள்ளுல இருந்து ஒரு சாண் மேல.

தக்கை ஆடிட்டே இருக்கு, இழுத்தா பிரட்டும் இல்ல மீனும் இல்ல. ஏன்?

நீங்க சீக்கிரம் இழுக்கறீங்க. டுக் டுக்னு ஆடறது கெண்டைப்பொடியோ, இல்ல ஜிலேபி ஓரத்தை கொறிக்கறதோ தான். தக்கை ஒரு பக்கமா நகர ஆரம்பிச்சா, இல்ல சட்டுன்னு உள்ள முங்கினா, அப்ப மணிக்கட்டை மட்டும் மேல சுண்டுங்க, கம்பையே தூக்கி முதுகுக்கு பின்னாடி எறிய வேணாம். இன்னொன்னு இருக்கு, நெறைய பேர் இதை விட்டுடறாங்க: ஈயம் தரையை தொடற மாதிரி போட்டிருக்கறப்ப தக்கை முங்காம மேல எழும்பி படுத்துக்கும். அடியில மேயற மீன் இரையோட ஈயத்தையும் சேத்து தூக்குதுன்னு அர்த்தம், உடனே சுண்டுங்க.

அப்படியும் மாட்டலன்னா இரை பெருசா இருக்கு. புளியங்கொட்டைன்னு சொன்னேன்ல, அதுலயும் பாதியா ஆக்குங்க. ஜிலேபிக்கு ஒரு துவரம்பருப்பு அளவுல கூட நான் போட்டிருக்கேன்.

பிரட்டை மிதக்க விடணுமா, அடியில போடணுமா?

எந்த மீன் வேணும்ங்கறதை பொறுத்தது. ஒரு ஏரியில கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிர்காலும் சாதா கெண்டையும் அடிமட்டம், வாயைப் பாத்தாலே தெரியும், கட்லாவுக்கு கீழ்த்தாடை மேல தூக்கிட்டு இருக்கும், மிர்காலுக்கு வாய் கீழ் பக்கம் பாத்து இருக்கும். அடியில போடறதுக்கு அமுக்கின பிரட் இல்ல மாவு.

மேல மிதக்க விடறதுக்கு பிரட்டோட பழுப்பு ஓரம் தான் வேணும், காத்து நெறஞ்சு இருக்கறதால ரொம்ப நேரம் மிதக்கும். ஈயமும் தக்கையும் இல்லாம வெறும் முள்ளுல ஒரு விரல்நகம் அளவு ஓரத்தை குத்தி காத்து போற பக்கமா விட்டா அதுவே போயி நிக்கும். புல்கெண்டையும் ஜிலேபியும் மேல வந்து சப்புன்னு சத்தத்தோட எடுக்கும், அந்த சத்தம் ஒரு தடவ கேட்டவங்க அப்பறம் தக்கையை தொட மாட்டாங்க. நிழல் தண்ணில விழாம உக்காருங்க, மேல வர மீன் உங்களை நல்லாவே பாக்கும்.

கட்லா மட்டும் கஷ்டம். அது தண்ணில மிதக்கற நுண்ணுயிர்களை வடிகட்டி தின்னற மீன், முழு பிரட்டு துண்டை எடுக்கறது அபூர்வம். பொடி பண்ணின பிரட்டை மேகம் மாதிரி கரைய விட்டு அதுக்கு நடுவுல சின்ன முள்ளு இருந்தா உறிஞ்சறப்ப மாட்டும், அதுக்கு ரொம்ப பொறுமை வேணும்.

முதல்லயே பிரட்டை நெறைய அள்ளிப் போட்டா மீன் கூடும்ல?

கூடும், தின்னுட்டு போயிடும். ஒரு காலைக்கு நான் தூவறது மொத்தமே ஒண்ணு ரெண்டு ஸ்லைஸ், அதுவும் காஞ்சதை கையால நொறுக்கி, பத்து நிமிஷத்துக்கு ஒரு சிட்டிகை, ஒரே எடத்துல. கெண்டைக்கு வயிறுன்னு தனியா ஒரு பை கிடையாது, வாய்ல போறது நேரா குடலுக்கு போகும், அதனால அது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மேயற மீன். நாமளும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமா தான் போடணும். இதுக்கு பழைய பிரட்டு, ரஸ்க்கு தூள், பேக்கரில வெட்டி ஒதுக்கற ஓரத்துண்டு எல்லாம் நல்லது, இரைக்கு மட்டும் புதுசு.

அள்ளிப் போடறதுல இன்னொரு ஆபத்து இருக்கு, நான் கண்ணால பாத்தது. எங்க பக்கத்துல ஒரு குட்டையில கோடைல யாரோ ஒருத்தர் மீனுக்கு நல்லதுன்னு நெனச்சு ஒரு சாக்கு பழைய பன்னும் பிரட்டும் கொட்டிட்டு போயிட்டார், ரெண்டாம் நாள் விடியறப்ப குட்டை பூரா மீனு வெள்ளை வெள்ளையா மெதந்துச்சு. பிரட்டு அழுகறப்ப அதை சிதைக்கற பாக்டீரியா தண்ணில இருக்கற ஆக்சிஜனை எல்லாம் எடுத்துக்கும், சூடான தண்ணில ஏற்கனவே ஆக்சிஜன் கம்மி. அன்னைக்கு பாத்ததுல இருந்து யாராவது கவரோட தலைகீழா கவுத்தா நான் எந்திரிச்சு போயி சொல்லிடுவேன், சண்டைக்கு வந்தாலும் பரவால்ல.

விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயை தொறந்துட்டு நிக்குது, ஆனா பிரட்டை கண்டுக்கவே மாட்டேங்குதே?

அது பசியில வரல, மூச்சுக்கு வருது. ராத்திரி பூரா பாசியும் செடியும் கூட ஆக்சிஜனை எடுத்துக்கும், அதனால விடியறதுக்கு முன்னாடி தான் தண்ணில ஆக்சிஜன் ரொம்ப கம்மி. அந்த நேரத்துல எந்த இரையும் எடுக்காது. அன்னைக்கு அங்க எதையும் தூவாதீங்க, வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழிச்சு பாருங்க.

விரால், கெளுத்திக்கு பிரட்டு போடலாமா?

விரால் உயிரோட ஓடறதை தான் அடிக்கும், பிரட்டை திரும்பி கூட பாக்காது. ஆனா நீங்க தூவற பிரட்டுக்கு கெண்டைப்பொடி கூடும், அந்தப் பொடிக்கு விரால் வரும், அப்படி வந்ததை நான் பாத்திருக்கேன். கெளுத்திக்கு புழுவோ கோழிக்குடலோ தான் சரி. தப்பித் தவறி மாவுல கெளுத்தி மாட்டினா முதுகுலயும் ரெண்டு பக்கமும் இருக்கற முள்ளு பத்திரம், குத்தினா கடுக்கும், துணி போட்டு புடிங்க.

மேட்டூர் டேம்ல இதெல்லாம் எடுபடுமா?

எடுபடும், ஆனா ஏரிக்கணக்கு அங்க செல்லாது. 1934ல கட்டி முடிச்ச அணை, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, அவ்ளோ தண்ணில ரெண்டு ஸ்லைஸ் பிரட்டு கடல்ல கரைச்ச பெருங்காயம் தான். அதனால அகலமான எடத்துல போடாம, உள்வாங்கி இருக்கற முடுக்கு, பாறைக்கு மறைவு, தண்ணி அசையாத எடமா பாத்து உக்காருங்க. டெல்டாவுக்கு ஜூன் 12ல தொறக்கறது வழக்கம், தொறந்துட்டா தண்ணி எறங்க எறங்க கரையே தெனமும் தள்ளிப் போகும், நேத்து மீன் கூடின எடம் இன்னைக்கு காஞ்ச சேறா இருக்கும். ரொம்ப எறங்கினா பண்ணவாடி பக்கம் முங்கிக் கெடந்த நந்தியும் சர்ச் கோபுரமும் வெளிய வரும், பாக்க வேண்டிய காட்சி. ஆனா அந்த சமயத்துல சேறு காலை உள்ள இழுக்கும், தனியா எறங்காதீங்க.

இங்க பிரட்டு துண்டை விட மாவு தான் நல்லா நிக்குது, காத்தும் அலையும் ஜாஸ்தி.

ஏற்காடு போறப்ப தூண்டில் எடுத்துட்டு போலாமா?

போட்டிங் விடற பெரிய ஏரில உங்க இஷ்டத்துக்கு போட வேணாம், எஸ்டேட்டுக்குள்ள இருக்கற குட்டையெல்லாம் தனியாரோடது, தெரிஞ்சவங்க மூலமா கேட்டு தான் போகணும். அனுமதி கெடச்சா ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. மேல கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், தண்ணி சில்லுன்னு இருக்கும், மீனோட உடம்பு சூடு தண்ணியோட சூடு தான், அதனால மார்கழில செரிமானமே மெதுவா நடக்கும், பசியும் கம்மி. கீழ சேலத்துல விடியக்காலை நல்ல நேரம்னா, அங்க பனி வெலகின பதினோரு மணிக்கு மேல தான். இரையையும் பாதியாக்குங்க.

ரெண்டாவது குரங்கு. பிரட்டு கவரை பாத்துச்சுன்னா விடாது, கையில இருந்தே புடுங்கும். மூடி போட்ட டப்பா கண்டிப்பா வேணும், பாவமா இருக்குன்னு ஒரு துண்டு கூட போடாதீங்க. காட்டெருமை திரியற எடம்ங்கறதால இருட்டுல காப்பிச் செடிக்குள்ள நடக்கறதும் வேண்டாம்.

சாதா ஏரிக்கும் பர்மிஷன் வாங்கணுமா? ஒரு தூண்டில் தானே?

பெரும்பாலான ஏரிகள்ல மீன் புடிக்கற உரிமையை குத்தகைக்கு விட்டிருப்பாங்க, குத்தகை எடுத்தவர் காசு போட்டு குஞ்சு வாங்கி விட்டிருப்பார். ஒரு தூண்டிலா பத்தாங்கறது அப்பறம், கரையில இருக்கற காவக்காரர் கிட்ட முதல்ல போயி கேளுங்க. ஜிலேபி மட்டும் எடுத்துக்கறேன், கட்லா ரோகு மாட்டினா விட்டுடறேன்னு சொன்னா எனக்கு நெறைய பேர் சரின்னு சொல்லியிருக்காங்க, ஜிலேபி அவங்களுக்கே தொல்லை.

ஆமை மாட்டிடுச்சுங்க, என்ன பண்றது?

பிரட்டு மாவுக்கு ஆமை நல்லாவே வரும். நம்ம ஏரில இருக்கற பால் ஆமை 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, புடிக்கவும் கூடாது, வீட்டுக்கு கொண்டு போகவும் கூடாது. நரம்பை புடிச்சு தூக்கி தொங்க விடாதீங்க, ஓட்டுக்கு பின் பக்கமா புடிச்சு கரையில வெச்சு, முள்ளு வெளிய தெரிஞ்சா குறடால கழட்டுங்க, முழுங்கிடுச்சுன்னா வாய்க்கு பக்கத்துலயே நரம்பை வெட்டி தண்ணில விடுங்க. வெட்டின நரம்பை பாக்கெட்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க. மூக்கனேரி மாதிரி தீவுத்திட்டு மரங்கள்ல பறவைங்க அடையற எடத்துல ஒரு முழம் தங்கூஸ் கெடந்தாலே கால்ல சுத்திக்கும்.

சின்ன ஜிலேபி மாட்டினா திரும்ப விடணுமா? வேற குட்டையில விட்டு வளக்கலாமா?

வேற குட்டையில விடவே விடாதீங்க. ஜிலேபி நம்ம ஊரு மீனே இல்ல, ஆப்பிரிக்கா மீன், 1952ல தான் இந்தியாவுக்குள்ள வந்துச்சு, இன்னைக்கு அது இல்லாத ஏரியே இல்லங்கற அளவுக்கு பெருகிடுச்சு. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வெச்சு காப்பாத்தும், அதனால நாட்டு மீன் முட்டைங்க அழியற அளவுக்கு இது அழியறதில்ல. ஒரு நல்ல அயிரைக் குட்டையில நாலு ஜிலேபியை விட்டா ரெண்டு வருஷத்துல அயிரையை தேட வேண்டியது தான். புடிச்ச எடத்துலயே விடறதும் குழம்புக்கு எடுக்கறதும் உங்க விருப்பம், நான் எடுத்துடுவேன்.

பிரட்டு போட்டு புடிச்ச மீன்ல மண் வாடை வருதே, பிரட்டாலயா?

இல்ல. ஏரித் தண்ணில இருக்கற ஒரு வகை நீலப்பச்சை பாசி வெளியிடற ஜியோஸ்மின்ங்கற பொருள் தான் மீனோட தோலுலயும் கொழுப்புலயும் ஏறுது, மழை பெஞ்சப்பறம் மண்ணுல வர அதே வாசனை. புளிப்பு பட்டா அது ஒடையும். அதனால சுத்தம் பண்ணி, வயித்துக்குள்ள இருக்கற கறுப்புத் தோலை உரிச்சு எடுத்து, கல்லுப்பு மஞ்சள் போட்டு தேச்சு அலசிட்டு, புளித்தண்ணிலயோ புளிச்ச மோர்லயோ இருபது நிமிஷம் ஊற வைங்க. எங்கம்மா ஜிலேபிக்கு தோலையே உரிச்சிடுவாங்க, பாதி வாடை அதுலயே போயிடும்.

ஆனா சாயக்கழிவும் சாக்கடையும் கலக்கற தண்ணிக்கு புளியெல்லாம் ஒண்ணும் பண்ணாது. திருமணிமுத்தாறு ஊருக்குள்ள ஓடற எடத்துலயும் அது போயி சேர்ற தண்ணிலயும் புடிச்ச மீனை நான் வீட்டுக்கு கொண்டு வர்றதில்ல, கேக்கறவங்களுக்கும் கொடுக்கறதில்ல.